மையப் பாதைக் கணிப்பான் தவறும்போது: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

சேலம் ஐந்து ரோட்டை மையமாகக் கொண்டு ஓமலூர், சங்ககிரி, ஆத்தூர், ஏற்காடு ஆகிய ஊர்களுக்கு ஃபைபர் கேபிள் இழுத்திருக்கும் நடுத்தர அளவிலான ஒரு வலையமைப்பைப் பராமரிக்கும் குழுவில் நான் வேலை செய்கிறேன். ஒவ்வொரு ரூட்டரும் தன் டன்னலுக்கான (ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தரவு போக வகுத்த தடம்) பாதையைத் தானே கணக்கிட்டுக்கொண்டிருந்த பழைய ஏற்பாட்டை விட்டு, எல்லாப் பாதைகளையும் ஒரே இடத்தில் கணக்கிடும் பிசிஇ என்னும் மையக் கணிப்பானுக்கு நாங்கள் மாறிய பிறகு வந்த புகார்களையும், அவற்றின் முடிச்சை அவிழ்த்த முறையையும் அறிகுறி வாரியாக இங்கே எழுதுகிறேன். லேபிள் ஒட்டிப் பாக்கெட்டை அனுப்பும் எம்பிஎல்எஸ்ஸோடும், ரூட்டர்கள் தங்கள் இணைப்பு விவரங்களை ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும் ஓஎஸ்பிஎஃப் அல்லது ஐஎஸ்-ஐஎஸ்ஸோடும் பழகியவர்களுக்காக எழுதியது இது.

மையக் கணிப்பு புதிய எண்ணம் அன்று. அதன் கட்டமைப்பை விவரிக்கும் ஆர்எஃப்சி 4655 என்னும் இணையத் தொழில்நுட்ப ஆவணம் வெளியானது 2006-ல். ரூட்டரும் கணிப்பானும் பேசிக்கொள்ளும் பிசிஇபி நெறிமுறை ஆர்எஃப்சி 5440-ஆக வந்தது 2009-ல். ரூட்டரிலுள்ள டன்னல்களின் நிலையைக் கணிப்பான் நினைவில் வைத்துக்கொண்டு, வேண்டும்போது அவற்றை மாற்றவும் வழிசெய்த ஆர்எஃப்சி 8231 வந்தது 2017-ல். ரூட்டரில் இயங்கும் தரப்புக்குப் பிசிசி என்று பெயர். அது கேட்கும் அல்லது அறிக்கை தரும். பிசிஇ பதில் சொல்லும் அல்லது திருத்தம் அனுப்பும்.

ஓர் அனுபவத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிசிஇ தவறான பாதையைத் தந்ததாக எங்களிடம் வந்த புகார்களில், அதன் கணக்கு தவறியிருந்ததாக ஒன்றுகூட நினைவில்லை. தன்னிடமிருந்த வலையமைப்புப் படத்துக்கு அது ஒவ்வொரு முறையும் சரியான விடையையே சொல்லியிருந்தது; படம்தான் பழையதாகவோ அரைகுறையாகவோ வேறு அலகில் எழுதப்பட்டதாகவோ இருந்தது. ஆகவே எந்த அறிகுறியாக இருந்தாலும், பாதையை ஆராய்வதற்கு முன்பு, அந்த நிமிடத்தில் பிசிஇயிடம் இருந்த டிஇ தரவுத்தளத்தின், அதாவது இணைப்புகளும் அவற்றின் பேண்ட்வித்தும் அடங்கிய அந்தப் படத்தின், நகலை ஒரு கோப்பில் சேமித்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் படம் மாறியிருக்கும். பிசிஇ ஏன் அப்படி முடிவெடுத்தது என்பது பிறகு யாருக்கும் விளங்காது.

அறிகுறி: செஷன் எழவில்லை, அல்லது எழுந்து இரண்டு நிமிடத்தில் விழுகிறது

செஷன், அதாவது ரூட்டருக்கும் பிசிஇக்கும் இடையிலான பிசிஇபி இணைப்பு, எழவே இல்லையென்றால் காரணம் பெரும்பாலும் எளியது. பிசிஇபி, டிசிபி 4189 என்ற போர்ட்டில் ஓடுகிறது. இடையிலுள்ள ஃபயர்வாலில் அது திறந்திருக்கிறதா என்றும், ரூட்டர் தன் லூப்பேக் முகவரியிலிருந்து (எந்தப் போர்ட்டையும் சாராத நிலையான முகவரி) புறப்படுகிறதா அல்லது ஏதோ ஓர் இன்டர்ஃபேஸ் முகவரியிலிருந்து புறப்பட்டுப் பிசிஇயின் அனுமதிப் பட்டியலில் இடம் கிடைக்காமல் நிற்கிறதா என்றும் பாருங்கள். டிசிபி இணைந்த பிறகும் செஷன் எழாவிட்டால் பிழைச் செய்தியின் எண்ணைப் படியுங்கள். வகை 1 என்றால் தொடக்கப் பேச்சிலேயே உடன்பாடு இல்லை. அதில் மதிப்பு 2 என்றால் 60 நொடிக்குள் ஓப்பன் செய்தி வரவில்லை. வகை 9 என்றால் ஏற்கெனவே ஒரு செஷன் இருக்கும்போது இரண்டாவதை எழுப்ப முயன்றிருக்கிறீர்கள். ரூட்டர் மறுதொடக்கமாகி, பழைய டிசிபி இணைப்பு மறுமுனையில் இன்னும் சாகாமல் கிடக்கும்போது இது வரும். சற்றுப் பொறுத்தால் தானே தீரும்.

எழுந்து விழுவதுதான் ஆளைச் சுற்றலில் விடும். எங்கள் சங்ககிரி ரூட்டர் இதைத்தான் செய்தது. செஷன் எழும், டன்னல் அறிக்கைகள் சில வந்து சேரும், பிறகு அமைதி, சரியாக 120 நொடி கழித்து, டெட் டைமர் முடிந்தது என்று பிசிஇ செஷனை மூடும், மறுபடி எழும். பிங் அடித்தால் ஒரு பாக்கெட்கூடத் தவறவில்லை. உயிரோடு இருப்பதைச் சொல்லும் கீப்அலைவ் செய்தி 30 நொடிக்கு ஒன்று, எதுவும் வராவிட்டால் செஷனை மூடும் டெட் டைமர் அதன் நான்கு மடங்கு என்பது நெறிமுறை பரிந்துரைக்கும் வழக்கமான அளவு. அப்படியானால் நான்கு கீப்அலைவும் தொடர்ந்து தொலைந்திருக்க வேண்டும். பிங் மட்டும் எப்படித் தவறாமல் போகிறது?

விடை பாக்கெட்டின் பருமனில் இருந்தது. அந்த வழியில் குத்தகைக்கு எடுத்த ஓர் இணைப்பு இருந்தது. அதைத் தந்தவர்கள் இடையில் தங்கள் டன்னல் தலைப்பு ஒன்றைச் சேர்த்திருந்ததால், 1500 பைட் பாக்கெட் சத்தமில்லாமல் கீழே விழுந்தது. ஓப்பனும் கீப்அலைவும் சிறியவை, கடந்துவிட்டன. ரூட்டர் தன் எல்லா டன்னல்களின் நிலையையும் பிசிஇக்குச் சொல்லும் ஒத்திசைவு தொடங்கியதும் அறிக்கைகள் சேர்ந்து முழு அளவுப் பாக்கெட்டுகளாகக் கிளம்பின. முதல் பெரிய பாக்கெட் தொலைந்தது. டிசிபி வரிசை மாறாமல் ஒப்படைக்கும் நெறிமுறை அல்லவா? தொலைந்த ஒன்று வந்து சேரும்வரை அதற்குப் பின்னால் நின்ற கீப்அலைவ் எதுவும் பிசிஇயின் காதுக்கு எட்டவில்லை. துண்டாக்கக் கூடாது என்ற குறியோடு 1500 பைட்டில் பிங் அடித்துப் பார்த்தபோது விழுந்தது, 1400-ல் போனது. ரூட்டர் தானே தொடங்கும் டிசிபி செஷன்களுக்கு எம்எஸ்எஸ் அளவை, அதாவது ஒரு பாக்கெட்டில் ஏற்றும் தரவின் உச்ச அளவை, குறைத்ததும் அன்றே நின்றது.

இதோடு ஒட்டிய இன்னொன்றும் உண்டு. செஷன் நிலையாக இருக்கிறது, ஆனால் பிசிஇ எந்தத் திருத்தமும் அனுப்பாமல் வாளாவிருக்கிறது என்றால், ஒத்திசைவு முடிந்ததைக் குறிக்கும் அறிக்கை, அதாவது பிஎல்எஸ்பி என்னும் டன்னல் அடையாள எண் 0 கொண்ட கடைசி அறிக்கை, வந்து சேர்ந்ததா என்று லாகில் தேடுங்கள். அது வராதவரை பிசிஇ காத்துக்கொண்டுதான் இருக்கும்.

அறிகுறி: "பாதை இல்லை" என்று பதில் வருகிறது

இந்தப் பதிலை மொத்தமாக ஒன்றாக எண்ணுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. பதிலுக்குள் காரணமும் ஒட்டியிருக்கும். புறப்படும் இடம் தெரியாது, சேருமிடம் தெரியாது என்று பிசிஇ சொன்னால், அந்த ரூட்டரே படத்தில் இல்லை என்று பொருள். இடங்கள் தெரியும், நிபந்தனைகளுக்கு ஏற்ற வழிதான் இல்லை என்று சொன்னால், எந்த நிபந்தனை தடுத்தது என்று பார்க்க வேண்டும். இரண்டுக்கும் தேட வேண்டிய இடங்கள் வேறு.

முதல் வகையில் ஏரியா எல்லைதான், அதாவது வலையமைப்பைப் பிரித்து வைத்த பகுதிகளின் எல்லைதான், பெரும்பாலும் குற்றவாளி. ஓஎஸ்பிஎஃப்பில் டிஇ தகவல் வகை 10 ஒபேக் எல்எஸ்ஏ என்னும் அறிவிப்பில் போகிறது. அது தன் ஏரியாவைத் தாண்டாது. ஏரியா 0-ல் மட்டும் காது வைத்திருக்கும் பிசிஇக்கு, ஆத்தூர்ப் பக்கம் தனி ஏரியாவாக இருந்தால் அங்கே என்ன இருக்கிறது என்றே தெரியாது. ஒவ்வொரு ஏரியாவிலும் ஒரு ரூட்டர், முடிந்தால் இரண்டு, படத்தைப் பிசிஇக்குக் கொண்டுசேர்க்கும் பிஜிபி-எல்எஸ் நெறிமுறை வழியாகத் தகவலை அனுப்ப வேண்டும். ஐஎஸ்-ஐஎஸ் என்றால் லெவல் எல்லைக்கும் இதே கதை. அத்தோடு, பழைய குறுகிய மெட்ரிக்கில் (இணைப்பின் விலையைச் சொல்லும் எண்) ஓடும் ரூட்டர் ஒன்று எங்காவது மிஞ்சியிருந்தாலும் அதன் இணைப்புகளுக்கு டிஇ விவரம் கிடைக்காது.

இரண்டு ரூட்டர்களை அனுப்ப வைத்தபோது எங்களுக்கு வேறொரு விந்தை நேர்ந்தது. பிசிஇயின் திரையில் ஒவ்வொரு ரூட்டரும் இரண்டு முறை தெரிந்தது; ஒரு நகலிலிருந்து மற்றதற்கு வழியே இல்லை. பிஜிபி-எல்எஸ் தகவலில் ஓர் அடையாள எண் இருக்கிறது. ஒரே ரூட்டிங் உலகத்தைச் சொல்லும் எல்லாரும் அதே எண்ணைப் போட வேண்டும். ஒன்றில் 0, மற்றொன்றில் 1 என்று இட்டுவிட்டோம். பிசிஇ அவற்றை இரு தனி உலகங்களாக எடுத்துக்கொண்டது. அதன் பார்வையில் அதுவே நியாயம்.

இரண்டாம் வகையில் அலகுக் கோளாறு ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சொந்தமாக ஸ்கிரிப்ட் எழுதும் எவரும் ஒருமுறையாவது இதில் விழுவார்கள். ஓஎஸ்பிஎஃப், ஐஎஸ்-ஐஎஸ் இரண்டும் டிஇ பேண்ட்வித்தை நொடிக்கு இத்தனை பிட் என்று சொல்வதில்லை. நொடிக்கு இத்தனை பைட் என்று, 32 பிட் மிதவைப் புள்ளி எண்ணாகச் சொல்கின்றன. பிசிஇபியிலும் அப்படியே. ஆகவே 10 ஜிபிபிஎஸ் இணைப்பு, தரவுத்தளத்தில் 125 கோடி என்று நிற்கும். எங்கள் ஸ்கிரிப்ட் அந்த 125 கோடியைப் பிட் என்று படித்தது. அதன் கண்ணுக்கு ஒவ்வொரு 10 ஜி இணைப்பும் 1.25 ஜி ஆகிவிட்டது. அறிகுறி எப்படி வந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது: 500 எம்பிபிஎஸ், 1 ஜிபிபிஎஸ் கேட்ட டன்னல்கள் எல்லாம் எழுந்தன; 2 ஜிபிபிஎஸ் கேட்டவை மட்டும் பாதை இல்லை என்று திரும்பின. சிறியது போகிறது, பெரியது போகவில்லை, அதேவேளை இணைப்புகள் காலியாகக் கிடக்கின்றன என்றால், எட்டால் பெருக்கியோ வகுத்தோ பாருங்கள்.

அலகு சரியாக இருந்தால் முன்னுரிமையைப் பாருங்கள். மீதமுள்ள பேண்ட்வித் என்பது ஒற்றை எண் அன்று; 0 முதல் 7 வரை எட்டு முன்னுரிமைகளுக்கும் (0-தான் உச்சம்) தனித்தனி எண். திரையில் காட்டப்படுவது 0-க்கான எண்ணாகவும், உங்கள் டன்னல் 7-ஆகவும் இருந்தால், இடம் இருப்பதுபோல் உங்களுக்குத் தெரியும்; பிசிஇக்குத் தெரியாது. இன்டர்ஃபேஸில் ஆர்எஸ்விபி (வழியிலுள்ள ரூட்டர்களில் பேண்ட்வித்தை முன்பதிவு செய்யும் நெறிமுறை) பேண்ட்வித் அமைக்க மறந்தால் சில கருவிகள் முன்பதிவுக்கு 0 என்றே அறிவிக்கின்றன என்பதும் நினைவிருக்கட்டும்.

எல்லாம் சரியாக இருந்தும் இடம் கிடைக்காத நேரமும் உண்டு. அது பிழை அன்று. ஏற்காடு அடிவாரத்தில் இரண்டு வேன்கள் நிற்கின்றன, ஒவ்வொன்றிலும் நான்கு இருக்கைகள் காலி. ஆறு பேர் கொண்ட குடும்பம் பிரியாமல் ஒரே வண்டியில் ஏற வேண்டும் என்றால் எட்டு இடம் இருந்தும் ஏற முடியாது. 10 ஜி இணைப்பு இரண்டில் சிறிய டன்னல்களால் ஆளுக்கு 6 ஜி நிரம்பியிருக்கும்போது புதிதாக வரும் 6 ஜி டன்னல் படும் பாடும் இதுதான். மையக் கணிப்புக்கு இங்கேதான் உண்மையான பயன்: எல்லா டன்னல்களையும் ஒன்றாகப் பார்த்து, சிறியவற்றை ஒரு பக்கம் ஒதுக்கிப் பெரியதற்கு இடம் செய்ய அதனால் முடியும். ஆனால் அப்படிச் செய்யச் சொல்லி நாம் கேட்டிருக்க வேண்டும். வந்த வரிசையில் ஒவ்வொன்றாகக் கணக்கிட்டால் பழைய ஏற்பாட்டைவிட ஒன்றும் மேல் இல்லை.

அறிகுறி: பிசிஇ பாதை தருகிறது, வழியிலுள்ள ரூட்டர் மறுக்கிறது

ஆர்எஸ்விபி-டிஇ டன்னல்களில் வரும் தொல்லை இது. பிசிஇ நம்பிக்கையோடு ஒரு பாதையைத் தரும். சிக்னலிங் ஓமலூர் வரை போய், கேட்ட பேண்ட்வித் இல்லை என்ற பிழையோடு திரும்பும். பிசிஇ அதே பாதையை மறுபடியும் தரும். மீதமுள்ள பேண்ட்வித் மாறும் ஒவ்வொரு முறையும் ரூட்டர்கள் ஊருக்கெல்லாம் அறிவிப்பதில்லை. குறிப்பிட்ட விழுக்காட்டு எல்லைகளைக் கடக்கும்போதும், இடையிடையே ஒரு கால அளவிலும் மட்டுமே அறிவிக்கின்றன. அந்த இடைவெளியில் பிசிஇ பார்ப்பது பழைய எண். முன்பதிவு மறுக்கப்பட்டதும் உடனே புதிய நிலையை அறிவிக்கும் வசதி உங்கள் ரூட்டரில் இருந்தால் அதை இயக்குங்கள். இணைப்பு நிரம்பும் பக்கத்தில், அதாவது 80 விழுக்காட்டுக்கு மேல், எல்லைகளை நெருக்கமாக வையுங்கள்.

பாதை பெரும்பாலும் பழையதாகவே இருந்து ஓரிடத்தில் மட்டும் மாறும்போது இதே பிழை வந்தால், புதிய பாதையும் பழைய பாதையும் பொது இணைப்பில் இருமுறை எண்ணப்படுகின்றனவா என்று பாருங்கள். பழையதை விடும் முன் புதியதை எழுப்பும் முறையில், இரண்டும் ஒரே டன்னலைச் சேர்ந்தவை என்று தெரிந்து முன்பதிவைப் பகிர்ந்துகொள்ளும் ஷேர்ட் எக்ஸ்பிளிசிட் பாணி தேவை. அது இல்லாமல் 6 ஜி டன்னல் தன்னைத்தானே தடுத்துக்கொண்டு நிற்கும்.

பாதையை லேபிள் அடுக்காகப் பாக்கெட்டிலேயே எழுதி அனுப்பும் செக்மென்ட் ரூட்டிங்கில் இந்த மறுப்பே வராது, அதனால் நிலைமை மேலும் மோசம். அங்கே வழியிலுள்ள ரூட்டர் எதையும் முன்பதிவு செய்வதில்லை. தரவுத்தளத்தில் மீதமுள்ள பேண்ட்வித் குறைவதும் இல்லை. யார் எவ்வளவு எடுத்தார்கள் என்ற கணக்குப் புத்தகம் பிசிஇயிடம் மட்டுமே இருக்கிறது. ஓர் இரவு எங்கள் பிசிஇ மறுதொடக்கமானது. சில ரூட்டர்கள் ஒத்திசைவை முடிக்கும் முன்பே புதிய கோரிக்கைகளுக்கு அது பதில் சொல்லத் தொடங்கிவிட்டது. புத்தகம் காலி, எனவே எல்லா இணைப்பும் காலி என்று எண்ணி, கேட்ட எல்லாரையும் குறுகிய வழியான ஓமலூர் இணைப்பிலேயே ஏற்றியது. அறிகுறி: ஒரு இணைப்பு நிரம்பி வழிகிறது, பக்கத்து இணைப்பு சும்மா கிடக்கிறது, பிசிஇயின் திரையில் எல்லாம் பச்சை. எல்லாப் பிசிசிகளின் அறிக்கையும் முடியும்வரை கணக்கைத் தொடங்காதே என்று ஒரு காத்திருப்பு நேரத்தை அன்றிலிருந்து வைத்திருக்கிறோம்.

அறிகுறி: திருத்தம் அனுப்பினால் ரூட்டர் ஏற்பதில்லை

சுருக்கமாகவே சொல்லலாம். பிழை வகை 19, மதிப்பு 1 என்று வந்தால், அந்த டன்னலை மாற்றும் உரிமை உங்கள் பிசிஇயிடம் ஒப்படைக்கப்படவில்லை. ஒரு டன்னலை ஒரு நேரத்தில் ஒரு பிசிஇயிடம்தான் ரூட்டர் ஒப்படைக்கும். மாற்று ஏற்பாடாக வைத்த இரண்டாவது பிசிஇயின் திரையிலிருந்து யாரோ மாற்ற முயன்றிருக்கலாம். அறிக்கையிலுள்ள ஒப்படைப்புக் குறியைப் பார்த்தால் போதும். செஷன் அறுந்த பிறகு ஒப்படைப்பைத் திரும்பப் பெறுவதற்கு ஒரு டைமரும், பிசிஇ தந்த நிலையையே துறப்பதற்கு ஒரு டைமரும் ரூட்டரில் உண்டு. இரண்டாவது முதலாவதைவிடக் குறைவாக இருக்கக் கூடாது. பிசிஇயே உருவாக்கிய டன்னல்கள் இரண்டாவது டைமர் முடிந்ததும் அழிக்கப்படும் என்பதை மறந்துவிட்டு, பராமரிப்பு நேரத்தில் பிசிஇயை நிதானமாக நிறுத்தி வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பட்டியலில் நானும் உண்டு.

அறிகுறி: பாதை ஓயாமல் புரள்கிறது

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை டன்னல் ஆத்தூர் வழிக்கும் ஓமலூர் வழிக்கும் மாறி மாறித் தாவினால், அளக்கும் எண்ணே பாதை மாறுவதால் மாறுகிறதா என்று கேளுங்கள். தாமதத்தை மெட்ரிக்காக வைத்துச் சராசரித் தாமதத்தைப் பயன்படுத்தினால், அதில் வரிசையில் காத்திருக்கும் நேரமும் சேர்ந்துவிடும். கூட்டம் உள்ள வழி நீண்டதாகத் தெரியும், எல்லாரும் அடுத்த வழிக்குத் தாவுவார்கள், அது நிரம்பும், திரும்புவார்கள். தாமதத்தை அளந்து வழி தேடிய, இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட் 1980-களில் இதே ஊஞ்சலில் ஆடி, 1987-ல் மெட்ரிக்கையே மாற்றிக்கொண்டது. குறைந்தபட்சத் தாமதத்தைப் பயன்படுத்துங்கள். அது பெரும்பாலும் கேபிளின் நீளத்தைத்தான் சொல்லும், கூட்டத்தைச் சொல்லாது.

பயன்பாட்டு அளவை வைத்து மாற்றுபவர்கள், மாற்றத் தூண்டும் எல்லையையும் திரும்பத் தூண்டும் எல்லையையும் ஒன்றாக வைக்கக் கூடாது. நாங்கள் 80 விழுக்காட்டில் விலக்கி 60-க்குக் கீழே வந்தால் மட்டும் திருப்புகிறோம். அளவீட்டு இடைவெளியைவிட மறுகணிப்பு இடைவெளி குறைவாக இருந்தால், ஒரே பழைய எண்ணை இருமுறை பார்த்து இருமுறை முடிவெடுக்கும் நிலை வரும், அதையும் சரிபாருங்கள்.

அறிகுறி: எல்லாம் பச்சை, டேட்டா மட்டும் சேரவில்லை

செக்மென்ட் ரூட்டிங் பாதை உயிரோடு இருப்பதாக இரு தரப்பும் சொல்லும். பாக்கெட் எங்கோ காணாமல் போகும். லேபிள் அடுக்கை ஒவ்வொன்றாகப் படித்து, ஒவ்வொரு லேபிளும் இன்று யாரைக் குறிக்கிறது என்று ரூட்டரில் போய்ச் சரிபார்ப்பதைவிடக் குறுக்குவழி இல்லை. ஒரு முறை அடுக்கின் மூன்றாவது லேபிள், ஓர் இணைப்பைக் குறிக்க ரூட்டர் தானாக ஒதுக்கும் அட்ஜசன்சி லேபிளாக இருந்தது. ஓமலூர் ரூட்டர் மறுதொடக்கமானபோது அந்த எண் வேறோர் இணைப்புக்குப் போய்விட்டது. ஆனால் பிஜிபி-எல்எஸ் செஷன் நடுவில் சிக்கிக்கொண்டதால் பிசிஇ பழைய எண்ணையே கொடுத்துக்கொண்டிருந்தது. முக்கிய இணைப்புகளுக்கு அட்ஜசன்சி லேபிளைக் கையால் நிலையாக ஒதுக்கிவிட்டோம்.

பாதையை ரூட்டர் ஏற்கவே மறுத்து, பிழை வகை 10, மதிப்பு 3 என்று சொன்னால், அடுக்கு அதன் சக்திக்கு மீறி உயரமாகிவிட்டது. சிறிய பெட்டிகளால் சில லேபிள்களை மட்டுமே ஒரே நேரத்தில் ஏற்ற முடியும். அந்த அளவை அவை பிசிஇக்குச் சொல்கின்றனவா என்று பாருங்கள். சொல்லாவிட்டால் கையால் இடுங்கள். நீண்ட பாதையின் வால்பகுதியை ஒரு பைண்டிங் லேபிளுக்குள் சுருட்டிவிடலாம்.

அறிகுறி: தனித்தனி என்று தந்த இரண்டு பாதைகளும் ஒன்றாக விழுகின்றன

ஏற்காட்டுக்கு இரண்டு இணைப்புகள் வைத்திருக்கிறோம்: அஸ்தம்பட்டியிலிருந்து ஒன்று, சூரமங்கலத்திலிருந்து ஒன்று. வேறு வேறு ரூட்டர், வேறு வேறு போர்ட், வேறு வேறு கேபிள். முதன்மையும் மாற்றும் பிரிந்தே இருக்க வேண்டும் என்று கேட்டபோது, பிசிஇ ஒன்றை முதல் இணைப்பிலும் மற்றதை இரண்டாவதிலும் வைத்தது. மே மாதம், கோடை விழாவுக்காகச் சாலையோரம் தோண்டிக்கொண்டிருந்த ஒரு நாள் காலையில் இரண்டும் ஒரே நொடியில் விழுந்தன. பிசிஇயைச் சந்தேகித்துத் தரவுத்தள நகலைத் திறந்தோம். அதன் படத்தில் அவை உண்மையிலேயே பிரிந்த பாதைகள். மலையேறிப் போன, அறுந்த இழைகளை இணைக்கும் ஸ்ப்ளைசிங் பையன் தொலைபேசியில் சொன்னான்: "அண்ணா, பன்னெண்டாவது வளைவு கல்வெர்ட்டுல ரெண்டு கேபிளும் ஒரே பைப்புலதாங்ணா போவுது. ஜேசிபி ஒரே இழுப்புல ரெண்டையும் இழுத்துட்டான்."

ஏற்காட்டுக்கு அடிவாரம் வழியாக 20 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட சாலை ஒன்று; குப்பனூர் வழியாக ஏறுவது இன்னொன்று. எங்கள் இரண்டு கேபிள்களும் வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு ஒப்பந்தக்காரர்களால் இழுக்கப்பட்டவை. இருவருமே அடிவாரச் சாலையில் வந்திருந்தார்கள். இது எந்த ரூட்டருக்கும் தானாகத் தெரிய வழியில்லை. ஒரே ஆபத்தைப் பகிரும் இணைப்புகளுக்கு ஒரே எண்ணை மனிதர்தான் இட வேண்டும். அதற்குத்தான் எஸ்ஆர்எல்ஜி என்ற 32 பிட் எண் இருக்கிறது. ஓஎஸ்பிஎஃப், ஐஎஸ்-ஐஎஸ் இரண்டும் அதைப் பரப்பும். பிஜிபி-எல்எஸ் அதைப் பிசிஇக்குக் கொண்டுசேர்க்கும்.

எண்ணை இட்ட பிறகும் பிசிஇ பழையபடியே கணக்கிட்டால் மூன்று இடங்களைப் பாருங்கள். இணைப்பின் இரு முனைகளிலும் எண் இடப்பட்டிருக்கிறதா என்பது முதலாவது; ஒரு முனையில் மட்டும் இட்டால் போகும் திசையில் மட்டும் பிசிஇ விலகும். டன்னல் இணையின் பிரிவு நிபந்தனை எந்த வகை என்பது இரண்டாவது. ஆர்எஃப்சி 8800 வகுத்த அமைப்பில் இணைப்பு, ரூட்டர், எஸ்ஆர்எல்ஜி ஆகிய மூன்றுக்கும் தனித்தனிக் குறிகள் உள்ளன, இணைப்புக் குறியை மட்டும் ஏற்றியிருந்தால் எஸ்ஆர்எல்ஜியைப் பிசிஇ திரும்பிக்கூடப் பார்க்காது. எங்களிடம் அதுதான் நடந்திருந்தது. மூன்றாவது, நிபந்தனை கண்டிப்பானதா, தளர்வானதா என்பது. தளர்வாக இருந்தால், பிரிந்த வழி கிடைக்காதபோது பிசிஇ சத்தமில்லாமல் சேர்ந்த வழியைத் தந்துவிடும். கண்டிப்பாக வைத்தால் மாற்றுப் பாதையே எழாது. திரையில் சிவப்பாக நிற்கும். நான் சிவப்பையே விரும்புகிறேன். இரண்டு பாதை இருப்பதாக நம்பி உறங்குவதைவிட, ஒன்றுதான் இருக்கிறது என்று தெரிந்து குப்பனூர் வழிக்கான கேபிளுக்கு அனுமதி கேட்டு அலைவது மேல் என்பது என் கருத்து; குழுவில் எல்லாரும் ஏற்கவில்லை.

சூரமங்கலம் கேபிள் பிற்பாடு குப்பனூர் சாலைக்கு மாறியது. மாறிய பிறகு ஒரு வாரம் பிசிஇ அதை இன்னும் அடிவாரச் சாலையில் இருப்பதாகவே எண்ணி மாற்றுப் பாதையை எழுப்ப மறுத்தது, ஏனென்றால் கேபிளை மாற்றியவர்கள் மலையில் இருந்தார்கள், எஸ்ஆர்எல்ஜி எண்ணை மாற்ற வேண்டியவர்கள் ஐந்து ரோட்டில் இருந்தார்கள். இப்போது ஸ்ப்ளைசிங் படிவத்தில், இழை நிறம், ஜாயின்ட் இழப்பு ஆகியவற்றுக்குப் பக்கத்தில், எந்தச் சாலை, எந்தக் கல்வெர்ட் என்று எழுத ஒரு கட்டம் இருக்கிறது. அதைக் கல்வெர்ட் ஓரத்திலேயே நின்று அந்தப் பையன் நிரப்புகிறான். படிவம் வந்து சேராமல் போர்ட்டை நாங்கள் திறப்பதில்லை.